நாற்பது வரிப் பதில்

தோணிமுனைக்குப் பாதை பிரிகிற விலக்கா? சரியான ஆளிடம்தான் கேட்டீர்கள், ஐயா. இந்தப் பேருந்தில் அந்த இடத்தை என்னைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. வரும்போது சொல்கிறேன். அந்தக் கயிற்றுச் சுருளைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்காருங்கள். நைலான் கயிறுதானே? ஆறு மில்லிமீட்டர் இருக்குமா? அப்படியானால் கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்குத்தான் கொண்டுபோகிறீர்கள். பஞ்சவர்ணம் அம்மாளின் சங்கத்துக்கு. பார்த்தீர்களா, கயிற்றின் தடிமனைக் கண்டே சொல்லிவிட்டேன்! அளப்பதுதான் என் தொழில். அளந்தே கெட்டவன் என்றும் சொல்லலாம்.

நானா? நான் கடைசி நிறுத்தம் வரை போகிறவன். அங்கே ஒரு சிறு வேலை.

பெயர் ஞானதிரவியம். கடலாராய்ச்சி நிலையம் ஒன்றில் தரவுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லொழுக்க வகுப்பு எடுக்கிறேன். ஒரு மாத இதழில் ‘சிந்திக்க ஒரு நிமிடம்’ என்ற தலைப்பில் எழுதுகிறேன். ஒரு நிமிடம் என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதுகிற ஒரே மனிதன் நான்தான் என்று அதன் ஆசிரியரே ஒருமுறை சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் நோய் எனக்கு உண்டு. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். விலக்கு வர இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. வரிசையாகவே சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குப் பேச வராது.

கணக்கு நோட்டில் கட்டம் போட்டிருக்குமே, அப்படிக் கடலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் வளைகுடாவை நாலு லட்சம் கட்டங்களாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று மேலே செயற்கைக்கோளும் கீழே மிதவைக் கருவிகளும் மணிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது அவற்றின் வேலை. சொன்னதைப் பத்திரப்படுத்துவது என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள், ஐயா! ஒரு மணியைக்கூட விட்டதில்லை. மணிக்கு ஒரு கோப்பு. ஒரு கோப்புக்குள் அந்த மணியின் முழுக் கடல். ஆண்டுக்கு ஓர் அடுக்கு, அதற்குள் மாதத்துக்கு ஒன்று, அதற்குள் நாளுக்கு ஒன்று. மொத்தம் ஒரு லட்சத்து ஐயாயிரம் கோப்புகள். எந்த நாளின் எந்த மணியை வேண்டுமானாலும் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன்.

அதையும் இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற வடிவத்தில் சுருக்கி வைக்கவில்லை. எண்ணெண்ணாக, மனிதன் கண்ணால் வாசிக்கும்படி எழுதிவைத்தேன். உண்மை ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஏழு தசம இடம் வரை! கருவிக்கோ அரை டிகிரி தடுமாற்றம் உண்டு. முப்பதா முப்பதரையா என்று தன்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு கருவி முனகியதை, நான் ஏழு தசம இடம் வரை எழுதிவைத்துக்கொண்டு நேர்மை என்று அதற்குப் பெயரிட்டிருந்தேன்.

எங்கள் பிரிவில் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள் ஷமீமா. கீழக்கரைப் பெண். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. சேர்ந்த இரண்டாம் வாரமே என் மேசைக்கு வந்தாள்.

“சார், ஒரு எடத்தோட சூடு மட்டும் பன்னெண்டு வருஷத்துக்கு வேணும்னா என்ன செய்யணும்?”

“எல்லாக் கோப்பையும் திறந்து, ஒவ்வொன்றிலும் அந்த ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.”

“ஒரு எண்ணுக்காக ஒரு லட்சம் கோப்பா சார்? ஒவ்வொண்ணுலயும் நாலு லட்சம் எண்ணைத் தாண்டிப் போயி?”

“நிரல்தானே திறக்கிறது, அம்மா? உனக்கா கை வலிக்கிறது?”

அவள் சிரிக்கவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் ‘இந்த மணியில் கடல் முழுக்க எப்படி இருந்தது’ என்று கேட்பதே இல்லை, ‘இந்த இடம் இத்தனை வருடமாக எப்படி இருக்கிறது’ என்றுதான் கேட்கிறார்கள், ஆகவே இடவாரியாகத் துண்டு போட்டு வைக்கலாம் என்றாள். கடலைச் சிறு சிறு பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் அந்த இடத்தின் ஓராண்டுச் சூட்டை மொத்தமாகப் போட்டு, உள்ளே இருப்பதில் மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்று பெட்டியின் மூடியிலேயே எழுதிவிட வேண்டும். முப்பத்தொன்றைத் தாண்டிய இடம் எது என்று யாராவது கேட்டால், மூடியில் மிக அதிகம் முப்பது என்றிருக்கும் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை.

இன்று உங்களிடம் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன், பாருங்கள். அன்று எனக்கு அது புரியவில்லை. புரியாதபோது உடனே உவமைக்குத் தாவிவிடுவது என் வழக்கம். அவளை நிற்க வைத்தே ஒரு கதை சொன்னேன்.

ஒரு நாட்டில் ஒரு காவலன் இருந்தான். மணிக்கு ஒருமுறை கோட்டை உச்சியில் ஏறுவான். நாற்புறமும் கண்டதையெல்லாம் ஓர் ஓலையில் எழுதுவான். அதை ஒரு குடத்தில் இட்டு மூடி முத்திரை வைப்பான். நாற்பது ஆண்டுகள் ஒரு மணியையும் அவன் தவறவிடவில்லை. சாகும் நாளில் அரசன் வந்து, ஆயிரமாயிரம் குடங்களைக் கண்டு, ‘இவனல்லவோ கடமையின் உருவம்’ என்று கண்ணீர் விட்டான்.

ஷமீமா முழுவதையும் கேட்டாள். “நல்ல கதை சார். அந்த ராஜா எந்தக் குடத்தையாவது தெறந்து பாத்தாரா?” என்றாள்.

பெரியவர்களின் கதையில் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். யோசனையை எழுத்து மூலம் கொடுக்கச் சொன்னேன். மறுநாளே கொடுத்தாள். அதையும் வந்த தேதி, வந்த மணி குறித்து ஒரு கோப்பில் போட்டு வைத்தேன்.

சன்னலை வேண்டுமானால் மூடிக்கொள்ளுங்கள், உப்புக்காற்று அடிக்கிறது. இல்லை இல்லை, விலக்கு இன்னும் வரவில்லை. நான் சொல்கிறேனே.

இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதம் பத்தாம் தேதி காலையில் பஞ்சவர்ணம் அம்மாள் வந்தார். கூடவே நான்கு பெண்கள். சேலையின் ஓரத்தில் உப்புக் காய்ந்து வெள்ளையாக நின்றது. நாற்காலி போட்டேன், அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

“சார், எங்க மொனைக்குக் கெழக்க ஒரு குடா, மேக்க ஒரு குடா. வெதைப்பாசி கட்டுன மிதவை அம்புட்டும் இப்பக் கெழக்க கெடக்கு. போன வருசம் இங்க கெழக்க தண்ணி சுட்டு, பாசி வெள்ளை விழுந்து அழுகிப்போச்சு. அதுக்கு மிந்தின வருசம் நாங்களா மேக்க மாத்துனோம். அந்த வருசம் மேக்கதான் கெட்டுச்சு. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ரெண்டுல எது மொதல்ல சுடும்? வழக்கமா எந்தப் பக்கம்? மாத்தணும்னா நாப்பத்திரண்டு பேரு கழுத்தளவுத் தண்ணியில நிக்கணும், மூணு நாள் வேலை. சும்மா மாத்த முடியாது.”

விதைப்பாசி என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வளர்ப்புக்குக் கயிற்றில் கட்டுவதற்கு எடுத்துவைக்கும் துண்டுகள். அது போய்விட்டால் அந்த ஆண்டே போய்விட்டது. பிறகு பழையபடி தீவுப் பாறைகளுக்குப் போய், மூச்சடக்கி மூழ்கிப் பாசி பிடுங்க வேண்டும். கால் கிழியும். அந்தப் பெண்களின் பாதங்களை நான் அன்று பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன், ஐயா. எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

“பதில் எங்களிடம் இருக்கிறது, அம்மா” என்றேன் பெருமையோடு. “பன்னிரண்டு ஆண்டாக ஒவ்வொரு மணியும் இருக்கிறது.”

“அப்பச் சொல்லுங்க சார்.”

“எடுக்க வேண்டும்.”

“ஏன், எங்க இருக்கு?”

எல்லாக் கோப்புகளையும் திறக்க வேண்டியிருப்பதை விளக்கினேன். அவர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் சார், மொளகு கேட்டா அஞ்சறைப் பெட்டியில மொளகு இருக்குற அறைய எடுப்போம். நீங்க என்ன, பன்னெண்டு வருசம் வெச்ச கொழம்பையெல்லாம் தெறந்து மொளகு பொறுக்குறீங்க?”

அந்த நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஷமீமா பொத்திக்கொள்ளாமலே சிரித்தாள். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஓர் உவமை சொன்னேன். கடலுக்கடியில் சிப்பி எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து முத்தை உருவாக்குகிறது என்று, சிப்பி பொறுக்கி வயிறு வளர்த்த குடும்பத்துப் பெண்களிடம், நான் நாற்காலியில் அமர்ந்தபடி விளக்கினேன்.

“சிப்பிக்கு வேற சோலி இல்ல சார். எங்களுக்கு இருக்கு. எப்ப வரட்டும்?”

“நானே கொண்டுவந்து தருகிறேன்” என்றேன். வாக்கு!

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். கிழக்குக் குடாவில் இருபது கட்டங்கள், மேற்கில் இருபது. நாற்பது கட்டங்களையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குத் தோன்றும், ஐயா. கயிறு விற்கிறவருக்கே தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. என் நிரல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக அந்த ஒரு லட்சத்து ஐயாயிரம் கோப்புகளையும் முதலிலிருந்து திறந்து திறந்து மூடியது. ஒரு கட்டத்துக்கு ஒன்பது மணி நேரம். நாற்பதுக்குப் பதினைந்து நாள். எந்தக் குடாவுக்கும் ஓரவஞ்சனை செய்துவிடக் கூடாது என்பதற்காகக் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தேன். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு வரி அச்சாகும்: கட்டத்தின் எண், பாசி தாங்கும் எல்லையான முப்பத்தொரு டிகிரியைத் தண்ணீர் வழக்கமாகத் தாண்டும் தேதி, சராசரிச் சூடு ஏழு தசம இடத்தில், வேலை தொடங்கிய நாளும் மணியும், முடிந்த நாளும் மணியும். எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை என்று முன்பே சொன்னேன்.

இடையில் ஒருநாள் ஷமீமா வந்து, இதுவரை வந்ததையாவது அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். பாதி எழுதிய தீர்ப்பை எந்த நீதிபதியாவது மன்றத்தில் வாசிப்பாரா என்று கேட்டேன். அதை வைத்து அந்த மாத இதழுக்கு ஒரு கட்டுரையும் எழுதினேன். ‘முழுமை’ என்று தலைப்பு. அது போகட்டும், சின்ன விஷயம்.

பதினோராம் நாள் கடல் சுட்டது. கிழக்குக் குடாவில்தான். காற்று நின்றுபோய், தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்ததாம். இரண்டே நாளில் பாசித் தண்டு வெளுத்தது. நாலே நாளில் கயிற்றிலிருந்து கழன்று கரையெல்லாம் ஒதுங்கியது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் நிலையத்தில் முப்பத்திரண்டாவது வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இதில் கேலிக்கூத்து என்னவென்றால், கடல் சுட்ட செய்தி என் கணினிக்கே வந்துகொண்டிருந்தது. மணிக்கு ஒரு கோப்பாக, ஒன்றுகூட விடாமல்! எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் நாற்பது வரியையும் நல்ல தாளில் அச்சடித்து, மேலே நிலையத்தின் முத்திரையும் வைத்து, இதே பேருந்தில் கொண்டுபோனேன். விலக்கில் இறங்கி நடக்கும்போதே நாற்றம் அடித்தது. கரையில் பெண்கள் மூங்கில் மிதவைகளை இழுத்துப் போட்டு, வெறும் கயிறுகளை உதறிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் அம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

“எந்தப் பக்கம் சார்?”

“கிழக்குதான் முதலில் சுடுகிறது, அம்மா. மேற்கு மேலும் மூன்று வாரம் தாங்கும். பன்னிரண்டில் பத்து ஆண்டுகள் அப்படித்தான். நீங்கள் மேற்கே மாற்றியது, விதிவிலக்கான இரண்டு ஆண்டுகளில் ஒன்று.”

அவர் கடலைப் பார்த்தார். கயிறுகளைப் பார்த்தார். “சரியாத்தான் சொல்லியிருக்கீங்க” என்றார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். தாமதம் என்னுடையது என்பது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இந்த ஆண்டு கடல் முந்திக்கொண்டது, அம்மா” என்றேன். கடல் முந்தவில்லை, ஐயா. என் தாளில் போட்டிருந்த தேதிக்கு இரண்டு நாள் முன்னும் பின்னுமாகச் சரியாகத்தான் வந்தது. ஊருக்கெல்லாம் உண்மையைப் போதிக்கிறவன், வாய் பேசாத கடல்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

நாற்பத்திரண்டு பெண்களும் அந்த ஆண்டு பாறைக்குத்தான் போனார்கள்.

இதற்குப் பிறகாவது திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். மனிதன் அவ்வளவு எளிதில் திருந்துவானா? அடுத்த மாதம் ஷமீமா, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு ஹார்டு டிஸ்கில் என் பன்னிரண்டு ஆண்டுகளையும் தன் பெட்டிகளாக மாற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். நாற்பது கட்டங்கள், முப்பத்தொரு டிகிரி. கேள்வியைத் தட்டிவிட்டு, நேரமாகும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டிக்கொண்டு பார்த்தபோது நாற்பது வரியும் திரையில் இருந்தன. அவை எப்போது வந்தன என்றுகூட நான் பார்க்கவில்லை. பதினைந்து நாள், ஐயா! கண்ணாடி துடைக்கிற நேரம்! மேலும் என் கோப்புகள் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட அவளுடையதற்குத் தேவைப்படவில்லை. ஏழு தசமத்தை ஒன்றாகக் குறைத்திருந்தாள். என் நேர்மையில் ஆறு இடம் போனது. கடலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து நிலையத்தில் ஒரு கருத்தரங்கு. பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் அந்த ஏற்பாட்டை விளக்கியது நான். கோட்டைக் காவலன் கதையையே சொன்னேன். ஆனால் இந்த முறை அரசன் குடத்தைத் திறக்கச் சொல்கிறான், ஒரு புத்திசாலி அமைச்சன் அவற்றை இடவாரியாக அடுக்கித் தருகிறான். பலத்த கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு! வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் ஷமீமாவும் கைதட்டினாள். கூட்டம் முடிந்ததும் அருகே வந்து, மெதுவாக, “அந்தம்மாகிட்டப் போய்ச் சொன்னீங்களா சார்?” என்று கேட்டாள். போகிறேன் என்றேன். இப்போது அவள் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவாள். நலம் விசாரிப்பாள். கடைசியில் அதே கேள்வி. போகிறேன் என்பேன்.

ஆகவே உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், ஐயா. சேர்த்து வைப்பது பெரிதல்ல. கேட்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து கேட்பார் என்று எண்ணிச் சேர்த்து வைக்க வேண்டும். படிப்பானாலும் சரி, பாசமானாலும் சரி, வேண்டிய நேரத்தில் கைக்கு வராதது உள்ளே எவ்வளவு இருந்தும்...

என்ன மூக்கையா? இவர் நடத்துநர், ஐயா, மூக்கையா. என்ன சொல்கிறாய்?

“என்னா சார், இன்னைக்கும் தாண்டியாச்சுல்ல? வாங்குறது தோணிமொனை டிக்கெட்டு, எறங்குறது கடைசி ஸ்டாப்பு. ரெண்டு வருசமா மாசம் தவறாமப் பாக்குறேன், பக்கத்துல ஒருத்தரப் பிடிச்சு வெச்சு இதே கதைதான். இன்னைக்குப் பாவம், எறங்க வேண்டிய அண்ணாச்சியையும் சேத்துத் தாண்ட விட்டுட்டீங்க. நானும் கூட்டத்துல பின்னாடி நின்னுட்டேன்.”

தாண்டிவிட்டதா? எப்போது? ஐயா, மன்னியுங்கள். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இடது பக்கம் மூன்று பனைமரம், அதையடுத்து ஒரு பச்சைக் கைகாட்டி, அதுதான் தோணிமுனை விலக்கு. ஏறியவுடன் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அதை என் பன்னிரண்டு ஆண்டுக் கதைக்கு நடுவில் புதைத்துவிட்டேன்.

ஆம், என் டிக்கெட்டும் அங்கேதான். கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டு இதே பேருந்தில் திரும்புவேன். மூக்கையாவுக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மூக்கையா, விசில் கொடு. இறங்குகிறோம். இரண்டு பேரும்.

கொடுங்கள், அந்தச் சுருளின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு கிலோமீட்டர்தான். வெயிலில் உங்களை நடக்க வைத்துவிட்டேன். எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள். ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவரிடம் மட்டும் சொன்னதில்லை. முதலில் ஓர் உவமை சொல்லி, மனத்தைப் பக்குவப்படுத்தி... என்ன சொன்னீர்கள்? மறுபடி சொல்லுங்கள்.

“தப்பு எம்மேலன்னு மொத வாக்கியமாச் சொல்லிருங்க சார். மிச்சத்தை அவங்க கேட்டாச் சொல்லுங்க.”

சரி. பேசவே மாட்டீர்கள் என்று நினைத்தேன். நான் இடம் கொடுக்கவில்லை போலும்.

அதோ, அந்தத் தென்னங்கீற்றுக் கொட்டகைதான் சங்கம். வாசலில் நிற்பவர்தான் அவர். பார்த்துவிட்டார். ஐயா, கொஞ்சம் என் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பஞ்சவர்ணம் அம்மா. தப்பு என்மேல். கடல் முந்தவில்லை, நான்தான் பிந்தினேன். ஷமீமா சொன்னபடி அடுக்கி வைத்திருந்தால் நீங்கள் கேட்ட அன்றே பதில் கிடைத்திருக்கும். அடுக்கியிருந்த முறை தவறு. அதனால் பதினைந்து நாள் ஆனது.

“அது தெரியும் சார்.”

தெரியுமா? யார் சொன்னது? ஷமீமாவா?

“நீங்கதான். அந்தத் தாளுலயே போட்டுருந்தீங்களே, எப்ப ஆரம்பிச்சது, எப்ப முடிஞ்சதுன்னு, வரிக்கு வரி. செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன், உள்ள வந்து பாருங்க. பதினோராம் நாளு செவப்புக் கோடு போட்டுருக்கேன், தண்ணி சுட்ட நாளு. பதினஞ்சு நாளு லேட்டுன்னு நாங்க ஒண்ணும் நெனைக்கல.”

நீங்கள் பெருந்தன்மையோடு...

“இருங்க சார், முடிச்சிக்கிறேன். மூணாம் நாளே எட்டு வரி வந்துருச்சு. கெழக்கு நாலு, மேக்கு நாலு. நாலுலயும் கெழக்குதான் மொதல்ல சுடுது. எட்டாவது வரியிலயே எங்களுக்கு வேண்டியது இருக்கு. மூணாம் நாளு சொல்லியிருந்தா மூணு நாளுல மாத்தியிருப்போம். அதுக்கப்பறமும் அஞ்சு நாளு மிச்சம். மெசினு மெதுவா ஓடுனா அது மெசினு. வந்ததக் கையில வெச்சுக்கிட்டு மிச்ச முப்பத்திரண்டுக்கு எதுக்கு சார் உக்காந்திருந்தீங்க?”

ஐயா, இதோ இந்தத் தாளை நான்தான் அச்சடித்தேன். நாற்பது வரியும் எனக்கு மனப்பாடம். எட்டாவது வரியில் நின்று நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. ஷமீமா வந்து கேட்டாளே, இதுவரை வந்ததைச் சொல்லிவிடலாமா என்று, அது அந்த எட்டாவது வரி வந்த அன்றுதான். இரண்டு ஆண்டாக என் கோப்புகளைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோப்புகள்கூட மூன்றாம் நாளே பதில் சொல்லிவிட்டிருக்கின்றன.

“என்ன சார், பேச்சைக் காணோம்? கதை எதுவும் இல்லையா?”

இல்லை, அம்மா. ஒன்றும் வரவில்லை.

“அப்ப இந்தக் கயித்து மொனையப் பிடிங்க. அண்ணாச்சி, நீங்க நெழலுக்கு வாங்க, தண்ணி குடிங்க. சார், நான் ரெண்டு கையையும் விரிச்சுப் பாகம் பாகமா இழுத்து விடுறேன், நீங்க எண்ணணும். முழுக்க அளந்து முடிச்சிட்டுச் சொல்றேன்னு நிக்காதீங்க. வர வரச் சொல்லணும், சத்தமா.”

சரி, அம்மா.

ஒன்று.

இரண்டு.